ஃபயர்ப்ளேஸும் டேம்பரும்: பற்றவைப்பதிலிருந்து மூடுவது வரை

பாஸ்டன் புறநகரில் நாங்கள் வாங்கிய வீடு 1958-இல் கட்டியது. கூடத்தில் ஒரு செங்கல் ஃபயர்ப்ளேஸ். வீடு பார்க்க வந்த அன்றே என் மனசு அதில் விழுந்துவிட்டது. குடிபோன முதல் நவம்பரில், ஊரிலிருந்து அம்மா வந்திருந்த சமயம், நாலு கட்டையை அடுக்கிச் செய்தித்தாளைச் சுருட்டிப் பற்றவைத்தேன். அரை நிமிஷம் அழகாக எரிந்தது. அப்புறம் புகை மேலே போகாமல் கூடத்துக்குள் உருண்டு வந்தது. வீட்டிலிருந்த மூன்று அலாரங்களும் ஒன்றாக அலறின. ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றோம். பாதி வாழ்க்கை விறகடுப்பில் சமைத்தவர் அம்மா. அவர் கேட்டது ஒரே கேள்வி: "பத்தவைக்கிறதுக்கு முன்னாடி புகை போற வழியைப் பார்த்தியாடா?"

பார்க்கவில்லை. புகைபோக்கியின் கழுத்தில் ஓர் இரும்புக் கதவு இருக்கிறது, அதன் பெயர் டேம்பர், அது மூடிக் கிடந்தது என்பதெல்லாம் அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

ஆனால் திறக்க மறப்பது சின்னத் தப்பு. புகையே காட்டிக்கொடுத்துவிடும். நெருப்பு அணைந்துவிட்டது என்று நினைத்து டேம்பரைச் சீக்கிரம் மூடுவதுதான் ஆளைக் கொல்லும் தப்பு. தணலிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி புகை வராது. கார்பன் மோனாக்சைடு மட்டும் சத்தமில்லாமல் வந்துகொண்டிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் மூடுவதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன்.

உங்களுடையது எந்த வகை?

கணப்பு என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. வீட்டில் யாரும் சொல்வதில்லை என்பதால் ஃபயர்ப்ளேஸ் என்றே எழுதுகிறேன். சிம்னி என்றால் இப்போது நம்மூரில் கேஸ் அடுப்புக்கு மேலே மாட்டும் பெட்டி என்று ஆகிவிட்டது. கூரையைத் தாண்டி மேலே போவதை இங்கே புகைபோக்கி என்கிறேன்.

சுவிட்சைத் தட்டினால் எரிகிற, முன்பக்கம் கண்ணாடியால் அடைத்த கேஸ் ஃபயர்ப்ளேஸ் என்றால் பெரும்பாலும் உங்களுக்கு டேம்பர் தொல்லையே கிடையாது. அதில் கவலை அந்தக் கண்ணாடிதான். அணைத்த பிறகும் நெடுநேரம் சுடும். தவழும் குழந்தை கையை ஊன்றிவிட்டால் தோல் வழன்றுவிடும். 2015-க்கு முன்னால் செய்ததில் பாதுகாப்பு வலை இல்லாமல் இருக்கலாம், வாங்கி மாட்டுங்கள்.

பழைய செங்கல் ஃபயர்ப்ளேஸுக்குள் பிற்பாடு கேஸ் கட்டைகளைப் பொருத்திய வீடுகளும் உண்டு. அவற்றில் டேம்பர் முழுதாக மூடாதபடி ஒரு சின்ன இரும்புக் கவ்வி போட்டிருப்பார்கள். குளிர்காற்று வருகிறதே என்று அதைக் கழற்றிவிடாதீர்கள். எந்த கேஸ் ஃபயர்ப்ளேஸிலும் விறகை வைக்காதீர்கள்.

இனி எழுதுவதெல்லாம் விறகு எரிப்பவற்றுக்கு. கட்டியது செங்கல்லானாலும் சரி, சுவருக்குள் பொருத்திய இரும்புப் பெட்டியானாலும் சரி, நடைமுறை ஒன்றுதான். இரும்புப் பெட்டி வகைக்கு மட்டும் அதன் கையேட்டில் சொல்லாத கதவோ மூடியோ வாங்கி மாட்டக் கூடாது.

முதல் நெருப்புக்கு முன்னால் ஓர் ஆள் ஏறிப் பார்க்கட்டும்

வீடு வாங்கும்போது வந்த இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்து ஒரு நொடி பார்த்துவிட்டு "ஃபயர்ப்ளேஸ் இருக்கிறது" என்று அறிக்கையில் எழுதிக்கொடுத்தார். அவர் வேலை அவ்வளவுதான். புகைபோக்கிக்கென்று தனியாகச் சோதனை இருக்கிறது. அமெரிக்காவில் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 211 என்ற விதி இதை மூன்று நிலையாகப் பிரிக்கிறது. வருஷா வருஷம் செய்வது முதல் நிலை. வீடு கைமாறும்போது செய்ய வேண்டியது இரண்டாம் நிலை. அதில் புகைப்பாதைக்குள் கேமராவை இறக்கிப் பார்ப்பார்கள். மூன்றாவதில் சுவரையே பிரிக்க வேண்டிவரும். எங்கள் வீட்டில் இரண்டாம் நிலைச் சோதனையில் உள்ளே இருந்த களிமண் குழாய் இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருந்தது தெரிந்தது. அந்த விரிசல் வழியே சூடு சுவரின் மரச்சட்டத்தை எட்டும். அன்றைக்குப் புகைந்து அணைந்ததே நல்லதாகப் போயிற்று.

ஆளைத் தேடும்போது அமெரிக்காவில் சி.எஸ்.ஐ.ஏ. சான்றிதழும், கனடாவில் வெட் சான்றிதழும், பிரிட்டனில் ஹெட்டாஸ் பதிவும் இருக்கிறதா என்று கேளுங்கள். புகைப்பாதையில் கிரியோசோட் 3 மில்லிமீட்டர் படிந்திருந்தாலே சுத்தம் செய்துவிட வேண்டும். புகை குளிரும்போது சுவரில் ஒட்டுகிற சமாசாரம் இது. முதலில் கரித்தூள் மாதிரி இருக்கும், அப்புறம் பொருக்கு, கடைசியில் தார் பூசியது மாதிரி பளபளப்பாக இறுகிவிடும். கடைசி வகைக்குத் தூரிகை போதாது, செலவும் அதிகம்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. வசந்தத்தில் தென் அமெரிக்காவிலிருந்து வரும் புகைபோக்கி உழவாரன் பறவைகள், பெயருக்கேற்றபடி, புகைபோக்கிக்குள்ளேயே கூடு கட்டும். 1918-ஆம் வருஷத்து வலசைப் பறவைச் சட்டப்படி, முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைக்கக் கூடாது. கோடையில் உள்ளிருந்து கீச்சுக்கீச்சென்று சத்தம் கேட்டால் டேம்பரை மூடிவைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். இலை உதிர்கிற காலத்தில் அவை போனபிறகு ஆளைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்து, வலை வைத்த மூடியை உச்சியில் போடச் சொல்லுங்கள்.

டேம்பரோடு பழகுவது

நெருப்பே இல்லாத ஒரு பகலில் இதைச் செய்யுங்கள். தலையில் ஒரு துணி, கண்ணுக்குக் கண்ணாடி, கையில் டார்ச். ஃபயர்ப்ளேஸுக்குள் தலையை விட்டு அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே இடம் குறுகும். அந்தக் கழுத்தில் ஓர் இரும்புத் தகடு படுத்திருந்தால் அதுதான் டேம்பர். அதன் பிடி மூன்று மாதிரி இருக்கலாம்: கொக்கிக் கம்பியால் முன்னும் பின்னும் தள்ளுவது, வெளியே இருக்கும் குமிழைத் திருகுவது, பல் வைத்த கம்பியைத் தூக்கி மாட்டுவது. கழுத்தில் ஒன்றுமே இல்லாமல் பக்கச் சுவரில் ஒரு சங்கிலி தொங்கினால், உங்கள் டேம்பர் புகைபோக்கியின் உச்சியில் இருக்கிறது. சங்கிலியை இழுத்தால் மூடும், விட்டால் ஸ்பிரிங்கினால் தானே திறக்கும்.

பத்துத் தடவை திறந்து மூடிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பிடி எந்தப் பக்கம் இருந்தால் தகடு எப்படி நிற்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிடியை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் வீட்டில் பிடியைப் பின்னால் தள்ளினால் "டக்" என்று சத்தம் வரும், திறந்த மாதிரியே இருக்கும். தகடோ துருப்பிடித்துப் பாதியில் நிற்கும். அம்மா ஒரு துண்டு அட்டையில் "மூடியிருக்கு" என்று எழுதி நூலில் கட்டிக்கொடுத்தார். மூடியிருக்கும் நாளெல்லாம் அது பிடியில் தொங்கும். அட்டையைக் கழற்றாமல் தீப்பெட்டியைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

கழுத்து ஏன் அவ்வளவு குறுகல் என்று கேட்பவர்களுக்கு: எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் வூபர்னில் 1753-இல் பிறந்த பெஞ்சமின் தாம்சன்தான் பெரிய காரணம். அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று, பிற்பாடு ரம்ஃபோர்ட் பிரபு ஆனவர். அகலக் கழுத்து வீட்டின் சூடான காற்றையெல்லாம் புகையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, கழுத்தைக் குறுக்கி அடுப்பின் ஆழத்தைக் குறைத்தால் புகையும் ஒழுங்காகப் போகும், சூடும் அறைக்கு வரும் என்று 1796-இல் எழுதினார். லண்டன்காரர்கள் கொத்தனாரைக் கூப்பிட்டு இருந்த அடுப்பையெல்லாம் இடித்துக் கட்டிக்கொண்டார்கள்.

விறகு

ஈர விறகு எரியாது, வேகும். அந்தப் புகைதான் கிரியோசோட்டாகப் படிகிறது. விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரமானியை வெளிப்பக்கத்தில் குத்தினால் பொய் சொல்லும். ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள். மானி இல்லையென்றால் இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது தொப்பென்று விழும். காய்ந்த கட்டையின் வெட்டுமுனையில் கதிர்க்கதிராக வெடிப்பு ஓடியிருக்கும். பிளந்த மேப்பிள் ஒரு வருஷத்தில் காயும், ஓக் இரண்டு வருஷம் கேட்கும்.

இங்கே விறகை கார்ட் என்ற அளவில் விற்பார்கள். ஒரு கார்ட் என்றால் 128 கன அடி. "ஃபேஸ் கார்ட்" என்று விற்பது பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான். விலை கேட்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும். விறகைப் பக்கத்து ஊரிலேயே வாங்குங்கள். ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் பச்சை வண்டு 2002-இல் டெட்ராய்ட் பக்கம் கண்ணில் பட்டது. அது மாநிலம் மாநிலமாகப் பரவியதில் காரில் ஏற்றிப்போன விறகுக்குப் பெரிய பங்கு உண்டு.

எரிக்கக் கூடாதவை: பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், மருந்து ஏற்றிய தோட்டத்துப் பலகை (பழையதில் ஆர்செனிக் இருக்கும்), பிளாஸ்டிக், பரிசுப்பொருள் சுற்றிய தாள், கிறிஸ்துமஸ் மரம். போகி இங்கே நல்ல குளிர்காலத்தில் வருகிறது, ஃபயர்ப்ளேஸும் கையருகே இருக்கிறது. பழைய பாயையும் தலையணையையும் அதில் போடும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் எதையும் ஊற்றக் கூடாது, ஒரு மூடி அளவுகூட. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருப்பவர்கள் காற்று மாசு எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் விறகு எரிப்பதே சட்டப்படி தடை.

பற்றவைக்கும் நாளில்

1. அட்டையைக் கழற்றுங்கள். டேம்பரை முழுதாகத் திறங்கள். டார்ச் அடித்துத் தகட்டைக் கண்ணால் பாருங்கள்.

2. மூன்று அடி தூரத்துக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது: கம்பளம், சோபா, விறகுக் கூடை, காயப்போட்ட காலுறை. புடவை முந்தானையும் வேட்டி நுனியும் இதில் சேர்த்தி.

3. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி டேம்பருக்குக் கீழே பிடியுங்கள். கடையில் எந்தக் கருவியும் இதைவிட நன்றாகக் காட்டாது. புகை மேலே இழுக்கப்பட்டால் சரி. கலைந்து அறைப்பக்கம் திரும்பினால், புகைபோக்கிக்குள் குளிர்ந்த காற்று கனத்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெளிச்சுவரை ஒட்டிய புகைபோக்கியிலும், அடித்தளத்து ஃபயர்ப்ளேஸிலும் இது அடிக்கடி நடக்கும். பக்கத்து ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்துவிட்டு, ஒரு தாளைச் சுருட்டிப் பந்தமாக்கி, கழுத்துக்குக் கீழே ஒரு நிமிஷம் பிடியுங்கள். உள்காற்று சூடானதும் இழுக்கத் தொடங்கும். ஊதுபத்தியை மறுபடி காட்டிப் பாருங்கள். இன்னமும் கீழேயே வந்தால் அன்றைக்கு நெருப்பு வேண்டாம். கூடோ அடைப்போ இருக்கலாம்.

4. பெரிய கட்டைகளை இரும்புத் தட்டில் அடியில் வையுங்கள், அதன்மேல் சின்னவை, உச்சியில் சுள்ளி. உச்சியில் பற்றவையுங்கள். நம் கை அடியில்தான் கொளுத்தப் போகும், தெரியும். ஆனால் மேலிருந்து எரிந்தால் புகைப்பாதை சீக்கிரம் சூடாகும், புகையும் குறைவு. ஆரம்பத்தில் மூன்று கட்டை போதும்.

5. பொறித்தடுப்பு வலையைச் சாத்துங்கள். கண்ணாடிக் கதவு இருந்தால், நெருப்பு கொழுந்துவிட்டு எரியும்போது திறந்தும், வலை மட்டும் சாத்தியும் இருக்கட்டும். கையேட்டில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அதன்படி.

எரிகிறபோது: சமையலறை ஹூட்

இந்த எச்சரிக்கை நம் வீடுகளுக்கென்றே எழுதியது போலிருக்கிறது. தாளிக்கிற வாசனைக்குப் பயந்து நாம் அடுப்புக்கு மேலே வாங்கி மாட்டுவது இருப்பதிலேயே பலமான ஹூட், அதாவது நம்மூரில் சிம்னி என்கிற பெட்டி. அது வீட்டுக் காற்றை வெளியே தள்ளத் தள்ள, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். ஜன்னலெல்லாம் இறுக மூடியிருக்கும் குளிர்காலத்தில் அதற்கு இருக்கும் பெரிய திறந்த வழி எது? புகைபோக்கிதான்.

ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை, விருந்தாளிகள் வந்திருந்தார்கள். கட்டைகள் எரிந்து தணலாகியிருந்தன. டேம்பர் முழுதாகத் திறந்திருந்தது. சமையலறையில் ஹூட் முழுவேகத்தில் ஓட, மிளகாய் தாளிதம். கொஞ்ச நேரத்தில் நண்பர் ஒருவர் தலை வலிக்கிறது என்றார். அவர் மனைவியும் அதையே சொன்னார். சுவரிலிருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் வாயே திறக்கவில்லை. ஆனால் அதன் சின்னத் திரையில் 38 என்ற எண் நின்றது, அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 38 பங்கு. ஹூட்டை அணைத்துவிட்டு எல்லாரையும் வெளியே கூட்டிவந்து, ஜன்னல்களைத் திறந்து, தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டோம். வந்து அளந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் உள்ளே போனோம்.

அலாரம் ஏன் அலறவில்லை என்றால், அமெரிக்கத் தரவிதிப்படி 70 என்ற அளவிலேயே ஒரு மணி நேரமாவது நீடித்தால்தான் அது கத்தும். அளவு அதைவிடக் கூடினால்தான் சீக்கிரம் கத்தும். ஆகவே எண் காட்டும் அலாரமாக வாங்குங்கள். ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் ஒன்று வேண்டும். மாசசூசெட்ஸில் 2006 முதல் வீடுகளில் இது சட்டப்படி கட்டாயம். நெருப்பு எரிகிற நேரத்தில் ஹூட், துணி உலர்த்தி, குளியலறை விசிறி மூன்றையும் ஓட்டாதீர்கள். தாளித்தே ஆகவேண்டும் என்றால் சமையலறை ஜன்னலை நன்றாகத் திறந்துகொள்ளுங்கள்.

எப்போது மூடுவது?

ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, தூக்கம்: ஜுரம் இல்லாத ஃப்ளூ மாதிரி இருக்கும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் யோசிக்காமல் வெளியே போய் அவசர உதவிக்கு 911-ஐக் கூப்பிடுங்கள். தூங்கிக்கொண்டிருப்பவருக்குத் தலைவலி வந்ததுகூடத் தெரியாது.

ராத்திரி பதினொரு மணிக்கு எல்லாருக்கும் வரும் சபலம் இதுதான்: சுடர் இல்லை, சாம்பல் மூடிவிட்டது, திறந்த டேம்பர் வழியாக ஹீட்டர் காசு போய்க்கொண்டிருக்கிறது, மூடிவிட்டுத் தூங்கலாமே. நீறு பூத்த நெருப்பு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். மூடாதீர்கள். படுக்கப்போவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் கடைசிக் கட்டையைப் போடுங்கள். படுக்கும்போது தணலைப் பரப்பிவிட்டு, கண்ணாடிக் கதவு இருந்தால் சாத்துங்கள். சூடு வெளியே போவது அதிலேயே குறையும். டேம்பர் விடியும்வரை திறந்தே இருக்கட்டும். தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டாம். சூடேறிய செங்கல் வெடிக்கும், சாம்பல் கூடமெங்கும் பறக்கும்.

மறுநாளும் கடிகாரத்தைப் பார்த்து மூடாதீர்கள். கம்பியால் சாம்பலை அடிவரை கிளறி, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், எங்கேயாவது சிவப்பு தெரிகிறதா என்று. புறங்கையை ஒரு சாண் உயரத்தில் காட்டுங்கள். கொஞ்சம் வெதுவெதுப்பு இருந்தாலும் இன்னொரு நாள் போகட்டும். முழுக்கக் குளிர்ந்துவிட்டதென்றால் மூடுங்கள், கட்டாயம் மூடுங்கள். பனிக்காலத்தில் திறந்த டேம்பர் திறந்த ஜன்னல்தான். மூடியதும் அட்டையை மாட்டுங்கள்.

புகைபோக்கிக்குள் தீப்பிடித்தால்

ரயில் போவது மாதிரி ஓர் இரைச்சல், அல்லது உச்சியிலிருந்து பொறி பறக்கும். உள்ளே படிந்த கிரியோசோட் எரிகிறது என்று அர்த்தம். சூடு 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். எல்லாரையும் வெளியே அனுப்பி 911-ஐக் கூப்பிடுங்கள். டேம்பரை மூடவோ, தண்ணீர் ஊற்றவோ முயல வேண்டாம். சில சமயம் இது சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும். உச்சி மூடி வளைந்திருந்தாலோ களிமண் குழாயின் சில்லுகள் அடுப்பில் விழுந்து கிடந்தாலோ சந்தேகப்படுங்கள். இரண்டாம் நிலைச் சோதனை முடியும்வரை தீக்குச்சி கிழிக்கக் கூடாது.

சாம்பல்

ஒரு விரல் தடிமன் சாம்பலை அடியில் விட்டுவையுங்கள், அடுத்த நெருப்பு நின்று எரியும். மீதியை இரும்புக் கரண்டியால் அள்ளி, மூடி போட்ட இரும்பு வாளியில் போடுங்கள். காகிதப் பை, பிளாஸ்டிக் தொட்டி, வாக்குவம் கிளீனர் எதுவும் ஆகாது. வாளியை மர டெக்கிலோ கராஜிலோ வைக்காமல், வீட்டிலிருந்து பத்தடியாவது தள்ளி வெறும் தரையில் வையுங்கள்.

இரண்டாவது குளிர்காலத்தில், முழுக்க ஆறிவிட்டது என்று நான் சத்தியம் பண்ணியிருக்கக்கூடிய சாம்பலை அள்ளிக் கொண்டுபோய்ப் பனிமேல் வைத்தேன். மறுநாள் காலை வாளியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பனி உருகி, ஈரப் புல் வட்டமாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் மூடியைத் திறந்து குச்சியால் கிளறினேன். அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கங்கு கண் விழித்தது. அதிலிருந்து நாலு நாள் ஆறப்போட்டு, தண்ணீர் தெளித்த பிறகுதான் எங்கேயும் கொட்டுவது.

கறிவேப்பிலைத் தொட்டியில் போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், சாம்பல் மண்ணைக் காரமாக்கும், அந்தச் செடிக்குப் பிடிக்காது, இலை மஞ்சளாகும். வாசல்படியில் உறைந்த பனிமேல் தூவினால் கால் வழுக்காது. அம்மா ஊருக்குத் திரும்பும்வரை அதில் ஒரு டப்பாவை சலித்து எடுத்து சிங்க் அடியில் வைத்திருந்தார், அடிப்பிடித்த பால் பாத்திரம் தேய்க்க.